அசையாத பனை

ஒற்றைப் பனை அது. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, ஒரு மணல்மேட்டில் நின்றது. துடுப்புப் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போட்டேன். தோள் கடுத்தது, உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியது. தலையைத் திருப்பிப் பார்த்தால் பனை அதே இடத்தில் நின்றது. கயாக்கின் மூக்கில் தண்ணீர் சலசலவென்று பிரிந்து ஓடியதால் நன்றாக முன்னேறுகிறோம் என்றே உடம்பு நம்பியது. பனை மட்டும் உண்மையைச் சொன்னது. 40 நிமிடம் ஆகியும் அந்த மரத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

ஒரு ஜனவரி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். நான் அங்கே போனதற்கு ஒரே காரணம் ஒரு புகைப்படம். நண்பர் கைப்பேசியில் காட்டினார்: அதே முகத்துவாரம், அதே மணல்மேடு, அவர் கையில் 7 கிலோ கொடுவா. அந்த மீனின் வெள்ளி உடம்பு மூன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. கயாக் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மீன் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும், இடம் தேர்ந்தெடுப்பதில் அதற்குமேல் என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்த காலம்.

காலையில் படகுத்துறையை விட்டுக் கிளம்பியபோது எல்லாமே இன்பமாக இருந்தது. மேற்கிலிருந்து மெல்லிய கரைக்காற்று முதுகைத் தொட்டது. ஏரித் தண்ணீர் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த நேரம். துடுப்பைச் சும்மா நனைத்தால் போதும், 12 அடி கயாக் வழுக்கிக்கொண்டு போயிற்று. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமே என்று என் தோள்வலுவை நானே மெச்சிக்கொண்டேன். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகின்றன என்பது உறைக்கவில்லை. பத்தரை மணிக்குத் திரும்பலாம் என்று மூக்கைத் திருப்பினேன். பனை வந்து நின்றது.

ஓரத்தில் வீச்சு வலையோடு நின்றிருந்த ஒரு பெரியவர்தான் கத்தினார். "நடுவுல நிக்காத தம்பி! ஓட்டம் நடுவுல. ஓரத்துக்கு வா, ஓரத்துக்கு!"

சாய்வாகத் துடுப்புப் போட்டு ஓரம் வந்தேன். தொடையளவு தண்ணீர். இறங்கி, மூக்குக் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கத் தொடங்கினேன். "காலத் தூக்கி வெக்காத, தேச்சுத் தேச்சு நட. திருக்கை பட்த்திருக்கும்" என்றார். அவர் முன்னால், நான் பின்னால். அரை மணி நேரம் அப்படியே நடந்தோம். பனை மெதுவாக எங்களுக்குப் பின்னால் போயிற்று. ஆழம் குறைந்த ஒரு வளைவில் நின்று, வேட்டி மடிப்பிலிருந்து பீடி எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்.

"போறப்போ சொகமா இருந்துச்சா?"

"ஆமாங்க, ரொம்ப சுகமா இருந்துச்சு."

"அப்பவே தெரிஞ்சிக்க வேணாமா?"

பல ஆண்டுகளாகக் கயாக்கைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு கழிமுகம் கழிமுகமாக அலைந்துவிட்டேன். எந்த இடத்துக்குப் போவது என்று முடிவு செய்ய உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். போகும்போது சுகமாக இருக்குமா? இருக்குமானால் அந்த இடம் வேண்டாம், அல்லது அந்த நேரம் வேண்டாம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மீனுக்கு நல்ல இடம் எதுவோ அதுவே பெரும்பாலும் கயாக்குக்குக் கெட்ட இடம். கொடுவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓடித் துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை. ஒரு கட்டை, ஒரு பாறை, ஒரு தூண், ஒரு வேர் எதன் நிழலிலாவது ஒதுங்கி நின்று, ஓட்டம் கொண்டுவந்து கொடுக்கிற இறாலையும் மடவைக் குஞ்சையும் வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் குறுகி விரைகிற இடம் அதற்கு வேண்டும். ஏரித் தண்ணீர் வற்றி இறங்கும்போது உள்ளே மேய்ந்த சிறு மீன்கள் எல்லாம் அந்தக் குறுகல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். முட்டையிடுவதற்கும் கொடுவா முகத்துவாரத்தைத்தான் நாடி வருகிறது. சிறு வயதில் ஆணாக இருந்து, பல ஆண்டு வளர்ந்த பின் பெண்ணாக மாறுகிற மீன் அது. அந்தப் புகைப்படத்தில் இருந்த 7 கிலோ உருப்படி பெரும்பாலும் முட்டைக்கு வந்த தாய்மீனாகத்தான் இருந்திருக்கும். அப்போது அது எனக்குத் தெரியாது. இப்போது அந்த அளவு மீன் சிக்கினால் தண்ணீரை விட்டு மேலே தூக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுகிறேன்.

ஆக, மீன் நிற்பது ஓட்டத்தில். தனி ஆளாகத் துடுப்புப் போடுகிறவனின் வேகம், சாமான்களோடு, மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர். ஓட்டமும் ஏறக்குறைய அதே வேகத்தில் எதிரே வந்தால் பனைமரம் அசையாது. முகத்துவாரத்தை விட்டுவிடுவதா? எனக்கு மனம் வரவில்லை. பிறகுதான் இடத்தை மாற்ற வேண்டியதில்லை, போகும் நாளை மாற்றினால் போதும் என்பது புரிந்தது.

எங்கள் பாட்டி அட்டமி, நவமியில் ஒரு காரியம் தொடங்க விடமாட்டாள். புதுப் புடவையைக்கூடப் பிரிக்க மாட்டாள். கடலின் கணக்கு வேறு. அமாவாசையும் பௌர்ணமியும் வரும்போது ஏற்றமும் வற்றமும் பெரிது, ஓட்டமும் கடுமை. நிலா பாதியாக நிற்கும் அட்டமியிலும் அடுத்த ஓரிரு நாளிலும் தண்ணீர் கொஞ்சமாக ஏறிக் கொஞ்சமாக இறங்கும். சென்னைக் கரையில் பெரிய ஓதத்தன்றே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஒரு மீட்டர் சுமார்தான், அட்டமியில் அது இன்னும் சுருங்கிவிடும். முகத்துவாரத்தில் கயாக்கை நிறுத்தி நிதானமாகத் தூண்டில் போடுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. பாட்டி ஒதுக்கிவைத்த நாட்களையே நான் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறேன். அன்றும், போகிற சுகம் திரும்பும்போதும் இருக்கும்படி, தண்ணீர் வற்றுகிறபோது போய் ஏறுகிறபோது திரும்புகிற மாதிரி நேரத்தைக் கணக்குப் போடுவேன். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஆகிறது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இவ்வளவு தெரிந்தால் விரல் விட்டே எண்ணிவிடலாம்.

பழவேற்காட்டிலேயே இரண்டாவது பாடமும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு போயிருந்தேன். இம்முறை முகத்துவாரம் பக்கம் போகவில்லை, உள்ளே ஒரு கால்வாய் மாதிரியான ஓடையைப் பார்த்துவைத்திருந்தேன். ஓரங்களில் சேறு, நடுவே இடுப்பளவுக்கு மேல் ஆழம், வரிசையாக ஊன்றிய கழிகள். கழிகளின் நிழலில் மீன் புரள்வது கண்ணுக்கே தெரிந்தது. ஒரு கழியில் கயிற்றைக் கட்டிவிட்டுத் தூண்டிலை எடுத்தேன். சிறிது நேரத்தில் ஒரு படகு வந்தது. அதில் இருவர், அண்ணன் தம்பி போலிருந்தார்கள். மூத்தவர் கோபப்படவே இல்லை. "சார், இன்னிக்கு இங்க எங்க பாடு. கயித்த அவுத்துக்குங்க" என்றார்.

பாடு என்றால் என்னவென்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. ஆனாலும் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் அதில் எண்ணி வைத்தாற்போலத்தான் இருக்கின்றன. வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் பட்டினி. ஆகவே அங்குள்ள மீனவ ஊர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. சுத்து வலை கட்டும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, முறைவைத்து, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அடுத்தவனுக்கு என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். நல்ல இடமும் எல்லாருக்கும் வரும், மோசமான இடமும் எல்லாருக்கும் வரும். இடமும் முறையும் சேர்ந்தது பாடு. நம் தமிழில் உழைத்துப் படும் துன்பத்துக்கும் அதே சொல். தெற்கே போனால் அன்றைக்குக் கிடைத்த மீனுக்கும் பாடு என்றே பெயர். கரையில் இருப்பவர் "பாடு எப்படி?" என்று கேட்பார். ஒரே சொல்லில் இடமும் உழைப்பும் பலனும் அடங்கிவிடுகின்றன.

அந்த அண்ணன் தம்பி தங்கள் முறைக்காகப் பல நாள் காத்திருந்தவர்கள். நான் சென்னையிலிருந்து காலை காபி குடித்துவிட்டுக் கிளம்பி, கூகுள் வரைபடத்தில் விரல் வைத்துத் தேர்ந்தெடுத்த இடத்தில் அவர்கள் கழியிலேயே கயிற்றைக் கட்டிவிட்டேன். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவிழ்த்தேன். அவர் சிரித்துவிட்டு, எந்தப் பக்கம் வலை இல்லை என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம் என்பதையும் அதற்குப் பிறகுதான் அறிந்தேன். வனத்துறையிடம் கேட்காமல் துடுப்புப் போட்டது தவறு. இப்போது பழவேற்காட்டுக்குத் தூண்டில் எடுத்துப் போவதில்லை. மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் வந்திறங்கும்போது உள்ளூர்க்காரர் ஒருவரோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு 'நல்ல இடம்' என்பதற்கு என் கணக்கு மாறிவிட்டது. இருட்டுவதற்குள் என்னால் திரும்பி வர முடிய வேண்டும். அடுத்த மாதம் அதே கரையில் போய் நின்றால் "வாங்க சார்" என்று ஒருவராவது சொல்ல வேண்டும். இரண்டும் இருந்தால் மீன் இல்லாவிட்டாலும் அது எனக்கு நல்ல இடம்தான்.

கோவளத்தில் ஒரு முதியவர் என் கயாக்கை வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உட்காரும் குழிக்கு அடியில் நீர் வடியும் ஓட்டைகள் இருக்கும் அல்லவா, அவற்றில் விரலைவிட்டுப் பார்த்தார். அலை ஏறினால் தண்ணீர் தானாகவே வழிந்துவிடுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ இது கட்டுமரம்தான்பா" என்று சொல்லி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் வரும், போகும், மரம் முழுகாது. ஆங்கிலத்துக்கு நம் மொழி கொடுத்த சொற்களில் கட்டுமரமும் ஒன்று என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அது எவ்வளவு அறிவான படகு என்பது அவர் விரல் அந்த ஓட்டைக்குள் போனபோதுதான் தெரிந்தது. கண்ணாடியிழைப் படகும் எஞ்சினும் வந்தபின் அந்தக் கரையில் கட்டுமரங்கள் குறைந்துவிட்டன. அவர் தன் மரத்தை விற்றுவிட்டாராம்.

எந்த இடத்தையும் அளந்து பார்ப்பதற்கு அவர் கற்றுத்தந்த வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன். கடலுக்குள் போனதும் முதலில் தூண்டிலைத் தொடாதே. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு அடையாளத்தை ஒரே நேராகப் பிடித்துக்கொள். முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு கோபுரம். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இரு. பனை கோபுரத்தை விட்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நீ போய்க்கொண்டிருக்கிறாய். எவ்வளவு சீக்கிரம் விலகுகிறது என்பதில் ஓட்டத்தின் வலு தெரிந்துவிடும். கரையிலிருந்து 50 மீட்டரிலேயே இதைச் செய்துபார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. நான் திரும்பியிருக்கிறேன், பல முறை.

முட்டுக்காடு, கோவளம் பக்கத்துக் கழிமுகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னைக்காரருக்குத் தொடங்குவதற்கு அவைதான் ஏற்றவை. ஆனால் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கோடையில் மணல் ஏறி வாயை அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் தேங்கிச் சூடேறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து மணலை உடைத்துத் திறந்தபின், சேறு தெளிய இரண்டு வாரம் விட்டுப் போனால் கடல்மீன் உள்ளே ஏறியிருக்கும்.

திறந்த கடற்கரையில் கயாக்கை இறக்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சென்னைக் கரையில் அலை இரண்டு மூன்று வரிசையாக உடையும். வெளியே போவது எப்படியோ முடிந்துவிடும், திரும்பும்போது அலை பின்னாலிருந்து வாலைத் தூக்கிப் புரட்டும். வடசென்னையில் கடலரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டித் தூண்டில் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள். பெயரே ஆசை காட்டும். கற்களின் இடுக்கில் களவாவும் செப்பிலியும் உண்டு, வளைவின் உட்பக்கம் தண்ணீரும் அமைதியாக இருக்கும். ஆனால் அலை எழும்பும் நாளில் கயாக்கைக் கல்லோடு சேர்த்துத் தேய்த்துவிடும். அங்கே கல்மேல் நின்று தூண்டில் போடுகிறவர்களே போதும்.

போகாத இடங்கள் இன்னும் உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986இலிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே மீன் பிடிக்கக் கூடாது, அனுமதியில்லாமல் தீவில் இறங்கவும் கூடாது. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. பிச்சாவரம் சதுப்புக் காட்டில் கொடுவா நிற்கும் வேர்களைப் பார்த்தாலே கை துடிக்கும். ஆனால் வனத்துறையின் காடு அது, வாடகைப் படகில் போய்ச் சுற்றிப் பார்த்து வருவதோடு சரி. எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு காலத்தில் இறால் கொழித்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அந்தக் கழிமுகம் முழுக்கப் படிந்தது. படகுகளும் வலைகளும் கறுப்பாகிப்போன மீனவர்களைப் பார்த்த பிறகு அங்கே பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட எனக்குக் கை வரவில்லை.

புது ஊருக்குப் போவதற்கு முன்பு அந்த ஊர்க் கரையோர டீக்கடையின் தொலைபேசி எண்ணை எப்படியாவது வாங்கிவிடுவேன். "மீன் இருக்கா?" என்று கேட்பதில்லை. இருக்கு என்றுதான் எவரும் சொல்வார்கள், அது விருந்தோம்பல். "இன்னைக்கு எத்தனை படகு போச்சு?" என்று கேட்பேன். ஒன்றும் போகவில்லை என்றால் நானும் போவதில்லை. எஞ்சினும் நான்கு ஆட்களும் தலைமுறை அனுபவமும் உள்ளவர்கள் கரையில் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது, 30 கிலோ பிளாஸ்டிக்கை நம்பி நான் ஏன் போக வேண்டும்? ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் கடலலை எச்சரிக்கை வெளியிடுகிறது, காற்றைக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றையும் பார்ப்பேன். மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் அலைத் தலைகளில் அங்கங்கே நுரை பூக்கும். அதற்குமேல் எனக்கு வேண்டாம். செயலி சரியென்று சொல்லி டீக்கடை வேண்டாமென்று சொன்னால் டீக்கடையைத்தான் நம்புவேன்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டதாக நினைத்துத்தான் முதன்முறை ராமேசுவரம் போனேன். ஜூலை மாதம். இராமநாதபுரத்திலேயே மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. பாம்பன் தீவின் அருமை என்னவென்றால் அதன் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தீவு குறுகியிருக்கும் இடத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் காரில் சில நிமிடம்தான். ஊர்க்காரர்கள் தெற்கை ஆண்கடல் என்றும் வடக்கைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் குமுறும், பெண்கடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காற்று வந்ததும் அப்படியே தலைகீழ். மீனவர்களும் பருவத்துக்குத் தக்கபடி படகுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறார்கள். இடம் தேர்ந்தெடுக்க உலகத்தில் இதைவிட வசதியான ஊர் இருக்க முடியாது என்று தோன்றியது.

தெற்குக் கரையில் போய்ப் பார்த்தேன். மண்ணும் நுரையும் கலந்து பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. திரும்பி வடக்குக் கரைக்கு வந்தேன். தங்கச்சிமடத்தைத் தாண்டிப் பனைகள் சூழ்ந்த ஒரு சின்னக் கரை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. கடற்புல் படுகை கரைவரை வந்து தண்ணீருக்கடியில் அலைந்துகொண்டிருந்தது. ஓராவும் கிழங்கானும் கணவாயும் மேய்கிற படுகை. ஆவுளியா என்று இங்கே சொல்லும் கடற்பசு மேய்வதும் இந்தப் பாக் விரிகுடாவின் புல்லில்தான். அவற்றைக் காக்க 2022இல் வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்திருக்கிறது. நான் மளமளவென்று கயாக்கைக் கூரையிலிருந்து இறக்கினேன்.

வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "தம்பி, எங்க கெளம்பிட்டீக?"

"சும்மா ஒரு கிலோமீட்டர் உள்ள போயிட்டு வந்திடுறேண்ணே. கடல் அமைதியாத்தானே இருக்கு."

"காத்து எங்குட்டு இருக்கு?"

நின்று பார்த்தேன். காற்று என் முதுகில் இருந்தது. சட்டை நெஞ்சுப் பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. தீவும் பனைகளும் மறைப்பதால் கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சற்றே தள்ளி, அந்த மறைவு முடிகிற இடத்திலிருந்து கடலின் நிறமே வேறாக இருந்தது. நீலத்தில் கறுப்புக் கோடுகள் வடகிழக்கே ஓடிக்கொண்டிருந்தன. போகும்போது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்! பழவேற்காட்டுப் பெரியவரின் கேள்வி 500 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்து அங்கே என்னைப் பிடித்தது. அந்தத் திசையில் தள்ளிக்கொண்டு போனால் அடுத்த கரை இலங்கையுடையது. நடுவில் எல்லைக்கோடும் ரோந்துக் கப்பல்களும்.

கயாக்கை மறுபடி கூரையில் ஏற்றிக் கட்டினேன். அவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு மீன் இல்லை. அவர் வீட்டுக் கணவாய்க் குழம்பு உண்டு. கிளம்பும்போது, "பொரட்டாசி கடைசில வாங்க, காத்து எளச்சிரும். காலைல அஞ்சு மணிக்கு" என்றார்.

இரண்டு ஆண்டு கழித்துக் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தாம் வகுப்பு. இரண்டு பேர் உட்காரும் கயாக் ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். வழியெல்லாம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டே வந்தான்: அரிச்சல்முனை, இரண்டு கடலும் கூடும் மணல் நுனி, யாரோ ஒருவர் கையில் பெரிய பாறை மீன். "மாமா, நாம இங்கதான் போறோம், இல்ல?" அந்த முனையில் இறங்கிக் குளிப்பதற்கே தடை என்று சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அவனைக் கடிந்துகொள்ளத் தோன்றவில்லை. அந்தப் படத்தை நானும் ஒருமுறைக்கு இருமுறை வாங்கிப் பார்த்தேன். நல்ல மீன்தான்.

அன்று பிறை தேய்ந்து பாதியாக இருந்தது. வலை பொத்திய அண்ணன் சொன்னபடி ஐந்து மணிக்குக் கரைக்கு வந்தோம். வலை பொத்தும் இடத்தில் அவர் இல்லை, கடலுக்குப் போய்விட்டிருந்தார். அவர் மனைவி வாசலில் நின்று, பத்துப் பன்னிரண்டு வத்தைப் படகு போயிருக்கிறது என்றார். கடலோரக் காவல் நிலையத்தில் முந்தின நாளே பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்திருந்தோம். பையனுக்கு மிதவைச் சட்டையின் வார்களை இழுத்து மாட்டினேன். ஈர விரலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். "அந்தப் பக்கம்" என்று தென்மேற்கைக் காட்டினான். மெல்லிய காற்று, செயலியில் மணிக்கு 9 கிலோமீட்டர்.

"அப்ப எங்க போகணும்?"

வடக்கே, புல்படுகைக்கு அப்பால் விடியும் கடலைக் காட்டினான். நான் மேற்கே திருப்பினேன். கரையை ஒட்டி, கரையிலிருந்து 100 மீட்டருக்கு மேல் விலகாமல், காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு முதல் ஒரு மணி நேரம் துடுப்புப் போட வேண்டும். களைத்தபின் தூண்டிலை எடுத்துக்கொண்டு மிதந்தபடியே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பலாம். இதை அவனுக்குச் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. மீன் எல்லாம் உள்ளே இருக்கும்போது எதற்குக் கரையோரம் என்று முனகிக்கொண்டே துடுப்பைப் போட்டான். அரை மணி நேரத்தில் அவன் கை தளர்ந்தது. கிழக்கு சிவந்து, கரைப் பனைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

"மாமா, அந்தப் பனை நகரவே மாட்டேங்குது."

"எந்தப் பனை?"

"தனியா நிக்குதே, அது. அப்பத்துலேர்ந்து அங்கயேதான் இருக்கு."

"அதையே பாக்காதே. அதுக்குப் பின்னால செல்போன் டவர் தெரியுதா? ரெண்டையும் சேத்துப் பாரு."

துடுப்பை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தான். துடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் என் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆமா மாமா," என்றான் கடைசியில். "நகருது. கொஞ்சம் கொஞ்சமா நகருது."